லயத்துக்கு மேலே நிற்பது பனியா, புகையா? காற்று அளக்கும் பெட்டி வைத்தேன், குழம்பிப் போனேன்

மேட்டுலயம் (ஹட்டன் பக்கம்)
பெப்ரவரி 9, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளியும் பிள்ளைக்காம்பராவும் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடம்) ஒரே கட்டிடம். அதற்குக் கீழே இரண்டு இரட்டை லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்). மேலே, ரோட்டைத் தாண்டினால் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை). ஜனவரி பிறந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு இருமல் விட்டபாடில்லை. என் அக்கா மகளுக்கு மூன்று வயது. போன வாரம் ஒரு ராத்திரி மூச்சு வாங்கியபோது, சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே இழுபடுகிறது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் பிடித்து அனுப்பினார்கள். எதனால் என்று கேட்டால் 'குளிர் காலம்தானே' என்றார்கள்.

நான் டவுனில் போன் ரிப்பெயர் செய்பவன். சும்மா இருக்க முடியாமல் எஸ்டிஎஸ் 011 என்ற தூசி சென்சர் ஒன்றும் ஒரு ஈஎஸ்பி போர்டும் (குட்டிக் கணினி மாதிரி) வாங்கி, பிவிசி பைப் முழங்கைக்குள் வைத்து, பிள்ளைக்காம்பராவின் பின்பக்கத் தாழ்வாரத்தில் பூட்டிவிட்டேன். உள்ளே இருப்பது பெரிய வித்தை இல்லை. சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் வெளிச்சம் தூசியில் பட்டுச் சிதறும், சிதறுவதை வைத்து எண் வரும்.

மூன்று நாளாகக் காலை 6 மணிக்கு பீஎம் 2.5 (நுரையீரலுக்குள் போகிற நுண்தூசி) கணக்கு 180, 210, 340! உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் சொன்ன அளவு, 24 மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம். ஸ்டோர் சிம்னிதான் காரணம் என்று லயத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். தோட்டத்து மேனேஜர் துரைக்கும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கும் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கவா?


ஸ்டோர்காரன்
பெப்ரவரி 9, இரவு 9.25

தம்பி, கோபப்படாதே. ஆனால் எடுத்த எடுப்பிலேயே சிம்னியில் கை வைக்கிறாய். நான் வேறு தோட்டம், 19 வருடமாக ட்ரையர் (தேயிலை உலர்த்தும் மெஷின்) பக்கம் நிற்பவன்.

ட்ரையருக்குள் போகிற சூடான காற்று வேறு, விறகுப் புகை வேறு. இரண்டும் கலந்தால் தேயிலையில் புகை வாசம் ஏறி ஏலத்தில் அடி வாங்கும். அதனால் புகை முழுக்க சிம்னி வழியாகத்தான் போக வேண்டும். அது வெளியே வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. எப்போது கறுப்பாக வரும் தெரியுமா? அடுப்பு பற்றவைக்கும் முதல் முக்கால் மணி நேரம். அப்புறம் ஈர விறகு தள்ளினால். கொட்டகையில் அடுக்கி நன்றாகக் காய்ந்த விறகு என்றால் சிம்னி வாயில் ஒன்றுமே தெரியாது.

எங்களுக்குக் கொழுந்து இரவு முழுக்க வாடி, பின்னிரவில்தான் அதை உருட்டும் ரோலிங் தொடங்கும். ஆகவே அடுப்பு பற்றுவது விடியலுக்கு முன்னே. நீ 6 மணி எண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறாய். அந்த நேரம் லயத்தில் எத்தனை அடுப்பு எரிகிறது? அதையும் சேர்த்துத்தானே உன் பெட்டி எண்ணுகிறது?


மகாவலிக்கரை (கண்டி)
பெப்ரவரி 9, இரவு 10.02

அண்ணா, கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அவர்கள் பக்கம் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரே கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்: அந்த நேரம் ஈரப்பதம் எவ்வளவு?

நான் இந்த மாதிரி சின்ன சென்சர்களோடு கொஞ்சம் மாரடித்தவள். அவற்றுக்குத் தூசியும் தெரியாது, பனித்துளியும் தெரியாது. வெளிச்சத்தைச் சிதறடிக்கிற எதுவும் அதற்குத் தூசிதான். நீங்கள் வாங்கிய எஸ்டிஎஸ் 011இன் தரவுத்தாளைப் பாருங்கள், 70 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் அதை நம்பச் சொல்லவில்லை. ஹட்டனில் காலை 6 மணிக்கு 70 சதவீதமா! பனி இறங்கினால் 100ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு, காற்றில் ஏற்கனவே இருக்கிற புகைத் துணுக்குகளும் ஈரத்தைக் குடித்து ஊதிப் பெருக்கும். உலர்ந்த அரிசிக்கும் ஊறிய அரிசிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பொருள் அதேதான், சென்சருக்குப் பெரிதாகத் தெரியும்.

அரசாங்க நிலையங்களில் உள்ள பெரிய கருவிகள் இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் அளக்கும். நம்முடைய சின்னப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

ஒரு ஈரப்பத சென்சரை (பீஎம்ஈ 280 போதும்) அதே பைப்புக்குள் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அப்புறம் பேசுவோம்.


சும்மாபார்ப்பவன்
பெப்ரவரி 10, காலை 6.15

மூக்கு இருக்கும்போது பெட்டி எதற்கு? புகை என்றால் மணக்கும், பனி என்றால் மணக்காது. வேலை இல்லாதவர்கள் வேலை.


பழைய டிஸ்பென்சர் (பொகவந்தலாவ)
பெப்ரவரி 10, காலை 7.30

மூக்கு பத்து நிமிடத்தில் பழகிவிடும் ஐயா. அடுப்படியில் நிற்கிற பெண் யாரையாவது கேளுங்கள், தனக்குப் புகையே இல்லை என்பாள்.

மேட்டுலயம் தம்பிக்கு முதலில் ஒரு விஷயம். விலாவுக்கு நடுவில் தோல் உள்ளே இழுபடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது விளையாட்டில்லை. இனி அப்படிக் கண்டால், அல்லது பிள்ளை பால் குடிக்கவோ இரண்டு சொல் பேசவோ மூச்சு பத்தாமல் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள். பம்ப் (இன்ஹேலர்) கொடுத்திருந்தால், எது மூச்சுத் திணறும்போது இழுப்பது, எது தினமும் இழுப்பது என்று டொக்டரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி ஒட்டி வையுங்கள். தினமும் இழுக்க வேண்டியதை 'சுகம்தானே' என்று நிறுத்திவிட்டு, பனிக்காலத்தில் ஓடி வந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

புகை விஷயத்தில் என் கருத்து, வெளியைவிட வீட்டு அடுப்புதான் பெரிய வில்லன். வீட்டுப் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. 2022இல் காஸ் இல்லாமல் போனபோது டவுன் வீடுகளும் விறகுக்கு வந்தன. நம் லயங்கள் விறகை விட்டதே இல்லை. கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) நடந்த மலை என்றால் மிலாறு, அதாவது வெட்டிய குச்சி, இலவசம், பிறகு யார் காஸ் வாங்குவார்கள்? இரண்டு இரட்டை லயத்துப் புகையும் கூரை வழியாக வெளியே வந்துவிட்டால், அதற்குப் பெயர் வெளிக்காற்று. வீட்டுப் புகை, வெளிப் புகை என்று கோடு போட முடியாது.


ஊவாக்காற்று (பண்டாரவளை)
பெப்ரவரி 10, பகல் 12.48

எங்கள் பக்கம் கதையே வேறு. எங்களுக்கு ஆனி, ஆடி, ஆவணிதான் கஷ்டம். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மானாப்புல் எலும்பாகக் காய்ந்துவிடும், யாராவது ஒரு பீடித்துண்டு போட்டால் போதும். எல்ல, ஹப்புத்தளைப் பக்க மலைகள் ராத்திரியில் சிவப்புச் சங்கிலி மாதிரி எரியும். மறுநாள் காலை வாசலில் கறுப்புச் சாம்பல் இழைகள், கையில் எடுத்தால் மாவாகும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நம் அடுப்பை மட்டும் திட்டிக்கொண்டிருக்க முடியாது. 2022 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நேரம், இந்தியப் பக்கத்து அழுக்குக் காற்று நாட்டுக்குள் வந்து, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். இங்கே எல்லோரும் 'இன்று நல்ல பனி' என்று சொல்லிக்கொண்டு கம்பளி போட்டுப் போனோம். மத்தியானம் ஆகியும் கலையாத பனி எது என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்கு ஒரு பெட்டி இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.


மேட்டுலயம்
பெப்ரவரி 16, இரவு 9.10

ஒரு வாரம் ஓட்டினேன். முதலில் வெட்கக்கேடு ஒன்று.

340 காட்டியது என்று சொன்னேனே, பெட்டியைக் கழற்றினால் காற்று இழுக்கும் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. வெள்ளைப் பஞ்சு மாதிரி. அதிலே ஒரு குட்டி ஈ. விசிறி சுற்றும்போதெல்லாம் ஒரு நூல் லேசருக்கு முன்னால் ஆடியிருக்கிறது. எனவே அந்த 340 சிலந்தி போட்ட கணக்கு. இப்போது வாயில் நைலோன் வலை கட்டியிருக்கிறேன்.

இரண்டாவது, மகாவலிக்கரைத் தங்கச்சி சொன்னது சரி. 12ஆம் திகதி பின்னேரம் 3 மணிக்குக் கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. லயத்தில் ஓர் அடுப்பும் எரியவில்லை, எல்லோரும் மலையில். ஸ்டோரும் நின்றுவிட்டது. பெட்டி 20இலிருந்து 130க்குப் பாய்ந்தது. ஈரப்பதம் 99. பனி கலைந்ததும் திரும்ப 20. புகையே இல்லாமல் 130!

அப்படியானால் என் காலை நேரத்து எண் எல்லாம் பொய்யா? கடிதத்தைக் கிழித்துவிடவா?


பிள்ளைக்காம்பரா அக்கா
பெப்ரவரி 16, இரவு 9.31

தம்பி, நான் இவ்வளவு நாளாக இதை வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ பெட்டி பூட்டிய இடத்துக்கு நேர் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற விறகடுப்பு. நான் 6 மணிக்குத்தான் பற்றவைப்பேன். உன்னிடம் சொன்னால் நம்மையே குற்றம் சொல்வாயோ என்று பயம்.


ஸ்டோர்காரன்
பெப்ரவரி 16, இரவு 9.40

ஹா ஹா ஹா. துரைக்குக் கடிதம்!


மகாவலிக்கரை
பெப்ரவரி 16, இரவு 10.20

சிரிக்காதீர்கள் ஸ்டோர் அண்ணா, உங்கள் முறை வரும்.

மேட்டுலயம் அண்ணா, எண் பொய்யில்லை, கலப்படம். பிரித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியை அந்த அடுப்பிலிருந்து தூரத்தில், முன்பக்கத் தாழ்வாரத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நாலு பக்கமும் காற்று படுகிற இடத்தில் பூட்டுங்கள். சுவரில் ஒட்டினால் காற்று தேங்கும்.

முடிந்தால் சென்சரை பிளான்டவர் 5003க்கு மாற்றுங்கள். பர்ப்பிள் ஏர் என்ற அமெரிக்கக் கம்பனியின் காற்று அளக்கும் பெட்டிகளிலும் பிளான்டவர் சென்சர்தான் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றாடல் முகமை அந்தப் பெட்டிகளுக்கு ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறது: சென்சர் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்டுவது. சென்சர் 100, ஈரப்பதம் 95 என்றால் 52.4இல் 8.2 போய் 5.75 சேர்ந்து கிட்டத்தட்ட 50. பாதிக்குப் பாதி! ஆனால் அது அவர்கள் நாட்டுக் காற்றில் செய்த கணக்கு, உள்ளே பனி புகுந்துவிட்டால் அதுவும் காப்பாற்றாது. ஆகவே நான் செய்வது முரட்டு வழி. ஈரப்பதம் 95க்கு மேல் போன நிமிடங்களைத் தனி நிறத்தில் குறித்து, அந்த எண்ணை வைத்து யாரோடும் சண்டை போடுவதில்லை.

எண் எவ்வளவு என்பதைவிட எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். பனி விடிய விடிய ஒரே மாதிரி நிற்கும். அடுப்புக்கு நேரம் உண்டு.

இன்னொன்று, சென்சரை இடைவிடாமல் ஓட்டாதீர்கள். எஸ்டிஎஸ் 011இன் லேசருக்கு ஆயுள் 8,000 மணி நேரம். நாள் முழுக்க எரிந்தால் 11 மாதத்தில் முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அரை நிமிடம் விழித்தால் போதும்.


சும்மாபார்ப்பவன்
பெப்ரவரி 17, காலை 6.05

பைப்புக்குள் ஒரு சின்ன ஹீட்டர் போட்டால் ஈரம் போய்விடாதா? (வேலை இல்லாதவன்தான் கேட்கிறேன்.)


மகாவலிக்கரை
பெப்ரவரி 17, காலை 8.12

போகும், சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் விறகுப் புகையில் ஆவியாகக்கூடிய எண்ணெய்ப் பசை நிறைய. அதிகமாகச் சூடாக்கினால் ஈரத்தோடு புகையும் கொஞ்சம் காணாமல் போகும். அதோடு கரண்ட் போகிற ஊரில் பவர் பேங்க் தாங்காது. நல்ல கேள்வி, நீங்கள் பெட்டி வாங்கும் நாள் தூரமில்லை.


மேட்டுலயம்
மார்ச் 3, இரவு 8.55

புது சென்சர் வந்து பத்து நாள் ஆகிறது. இடமும் மாற்றிவிட்டேன். அதிர்ஷ்டத்துக்கு இந்த வாரம் வானம் கண்ணாடி மாதிரி, பனி குறைவு. இப்போது வரைபடத்துக் கோடு பேசுகிறது.

இரவு 11இலிருந்து 3.30 வரை தட்டையாக, 10 பக்கம் கிடக்கிறது. 4 மணிக்கு ஒரு மேடு, முக்கால் மணி நேரம், அப்புறம் இறங்குகிறது. 5.30க்குப் பெரிய மேடு, 7.30 வரை. சூரியன் லயத்துக் கூரையைத் தொட்டு அரை மணி நேரத்தில், யாரோ மூடியைத் திறந்த மாதிரி மொத்தமும் இறங்கிவிடுகிறது. மாலை 6க்கு இன்னொன்று. அதில் செவ்வாயும் சனியும் மட்டும் ஒரு ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.

அந்த ஈட்டிக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை, லயத்துக்குப் பின்னால் போய் நின்றாலே போதும். குப்பை எடுக்கும் ட்ராக்டர் வருவதில்லை. வாரம் இரண்டு நாள் எல்லோரும் ஷொப்பிங் பேக்கும் பிள்ளைகளின் பம்பர்ஸும் (டயப்பர்) சேர்த்து எரிக்கிறார்கள். அந்தப் புகை அடுப்புப் புகை மாதிரி மேலே எழும்பாது, படுத்தே வரும்.

4 மணி மேட்டுக்கு என்ன காரணம் ஸ்டோர் அண்ணே?


ஸ்டோர்காரன்
மார்ச் 3, இரவு 9.30

சரி, என் முறை வந்துவிட்டது. அது ஸ்டோர்தான். பற்றவைக்கும் நேரம். ஸ்டோர் மேலே, லயம் கீழே. ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் போய் மலைச்சரிவில் கீழ்நோக்கி வழியும், பீலித் தண்ணீர் மாதிரி. மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டிருக்கும், புகையால் எழும்ப முடியாது. பகலில் அதே புகை மேலே போய்விடும்.

ஞாயிறு ஸ்டோர் ஓடாவிட்டால் திங்கள் விடியற்காலை அந்த மேடு இருக்கிறதா பார். இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம். துரையிடம் போகும்போது 'புகை' என்று போகாதே. 'விறகு ஈரம், கொட்டகைக் கூரை ஒழுகுகிறது' என்று போ. ஈர விறகால் அவர்களுக்கும் நட்டம், இரட்டிப்பு விறகு எரிக்க வேண்டும். காசுக் கணக்கு என்றால் காது கொடுப்பார்கள்.


ஊவாக்காற்று
மார்ச் 4, காலை 10.10

சட்டப்படி இது குற்றமா? எங்கள் பக்கமும் ஒருவர் கேட்கிறார்.


மகாவலிக்கரை
மார்ச் 4, பகல் 1.05

அங்கேதான் வேடிக்கை. இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமத்தில் பீஎம் 2.5க்கு 24 மணிச் சராசரி 50, ஆண்டுச் சராசரி 25. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது 15, 5.

அண்ணாவின் லயத்துக்கே ஒரு கணக்கு போடுகிறேன். காலையிலும் மாலையிலும் சேர்த்து இரண்டு மணி நேரம் 150, மீதி 22 மணி நேரம் 10 என்று வையுங்கள். கூட்டி 24ஆல் வகுத்தால் 21.7. இலங்கை நியமத்தில் பாஸ், உலக அளவில் பெயில். ஆனால் அந்தப் பிள்ளை சுவாசிப்பது சராசரியை இல்லை. சரியாக அந்த மோசமான நேரத்தில்தான் அதைக் கம்பளிக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்று, நம் பெட்டியின் எண் வழக்குக்குச் செல்லாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமோ முறையான கருவியால் அளந்தால்தான் பேச்சு. ஆனால் 'இந்த நேரத்தில் வந்து அளந்து பாருங்கள்' என்று சொல்ல நம் கோடு போதும். பகல் 11க்கு வந்து அளந்தால் அவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது.


பிள்ளைக்காம்பரா அக்கா
மார்ச் 4, இரவு 8.20

பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) நேரத்தை மாற்றச் சொல்ல முடியாது, தாய்மார் 7 மணிக்குப் பிள்ளைகளைத் தந்துவிட்டு ஓடத்தான் வேண்டும். அதனால் நான் செய்தது: லயத்துப் பக்க ஜன்னல்கள் இரண்டையும் 8.30 வரை மூடி வைக்கிறேன். வெயில் வந்ததும் எல்லாம் திறப்பு. காலையில் முதலில் செய்த உடற்பயிற்சி இப்போது 9.30க்கு. தண்ணீர் கொதிக்க வைப்பதை முதல் நாள் பின்னேரமே, பிள்ளைகள் போன பிறகு செய்து பெரிய பிளாஸ்கில் ஊற்றுகிறேன். ஒரு பிளாஸ்க் போதவில்லை, இன்னொன்று வேண்டும். மாஸ்க் போடலாமா என்று ஒரு தாய் கேட்டாள்.


பழைய டிஸ்பென்சர்
மார்ச் 4, இரவு 9.00

துணி மாஸ்க் இந்த நுண்தூசிக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. என்95 (N95) மாஸ்க் பெரியவர்கள் முகத்துக்குச் செய்தது, மூன்று வயதுப் பிள்ளைக்கு இடைவெளி விட்டுத்தான் நிற்கும். நீங்கள் செய்தது அதைவிட நல்லது, டீச்சர். பிளாஸ்க் ஒன்று என் கணக்கில், எப்படி அனுப்புவது என்று சொல்லுங்கள்.

அதோடு ஒரு கொப்பி போடுங்கள். எந்தப் பிள்ளை எந்த நாள் இருமியது, எந்த நாள் வரவில்லை, அவ்வளவுதான். கோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கொப்பியை வைத்தால் பீ.எச்.ஐ. ஐயா பெட்டியைவிட அதைத்தான் முதலில் புரட்டுவார்.


மேட்டுலயம்
மார்ச் 9, இரவு 7.45

ஞாயிறு ஸ்டோர் ஓடவில்லை. இன்று திங்கள், விடியற்காலை 4 மணிக்கு மேடு இல்லை. படத்தைப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கடிதத்தைத் திருப்பி எழுதினேன். துரைக்கு விறகுக் கொட்டகைக் கூரை பற்றி. பிரதேச சபைக்கு ட்ராக்டர் பற்றி, செவ்வாய் சனி ஈட்டிகளோடு. லயத்துக்குக் கடிதம் இல்லை, நேற்று கோயிலடியில் சொன்னேன். இரண்டு பேர் முறைத்தார்கள், ஒரு பாட்டி மட்டும் 'அப்ப பேக்கை எங்கடா போடுறது?' என்றாள். பதில் தெரியவில்லை. ட்ராக்டர் வரும்வரை மூன்று உரச்சாக்கு வாங்கித் தொங்கவிட்டிருக்கிறேன், ஒன்று நிரம்பிவிட்டது.

அக்கா மகள் இந்த வாரம் இரவில் இரண்டு தரம்தான் இருமினாள். பனி குறைந்ததாலா, ஜன்னலாலா, பம்பாலா, யாருக்குத் தெரியும்.


சும்மாபார்ப்பவன்
மார்ச் 9, இரவு 8.02

தம்பி, பிளான்டவர் எங்கே வாங்கினாய், என்ன விலை? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரி.